அயலும் அண்டையும்

(பாறசாலையில் எல்லைப்புறக் கிளைகளின் தோழர்களுக்காக நடந்த அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குத் தரப்பட்ட தலைப்பு "அண்டை நாடுகளின் ஒத்துழைப்பு: நிலைத்தன்மையும் வளமும்" என்பது. தில்லியிலோ சென்னையிலோ இந்தத் தலைப்பைப் பேசுவோர் சிந்து நதியிலிருந்தோ கச்சத்தீவிலிருந்தோ தொடங்குவார்கள். பாறசாலையில் நின்றுகொண்டு அப்படித் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. இந்த மண்டபத்திலிருந்து இஞ்சிவிளை வழியாகக் களியக்காவிளைக்கு நடந்தே போய்விடலாம். நடுவில் ஒரு மாநில எல்லை இருக்கிறது. அந்த எல்லையை ஒருவன் எப்படிக் கடக்கிறான், எதை அது கடக்கவிடுகிறது, எதைத் தடுத்துவிடுகிறது என்று பார்த்தால் நாடுகளுக்கு இடையே நடப்பதும் ஓரளவு புரியும். ஆகவே பாதி நேரத்தை நம் நெய்யாற்றுக்கு ஒதுக்கப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சொல். கட்சி ஆவணங்களை மலையாளத்திலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் தமிழாக்கும் பணியில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். தொடக்க காலத்தில் ஒரு மலையாள அறிக்கையில் 'அயல்ராஜ்யங்கள்' என்று வந்ததை 'அயல்நாடுகள்' என்றே எழுதி அனுப்பிவிட்டேன். மலையாளத்தில் 'அயல்' என்றால் பக்கத்து வீடு. 'அயல்க்காரன்' அடுத்த வீட்டுக்காரன். குடும்பஸ்ரீயின் 'அயல்கூட்டம்' என்பது பக்கத்து வீட்டுப் பெண்கள் கூடும் கூட்டம். தமிழிலோ 'அயல்நாடு' என்றால் வெளிநாடு. 'அயலான்' என்றால் நமக்கு ஒட்டும் உறவும் இல்லாதவன். அண்டை நாடுகளோடு நட்பு பேணவேண்டும் என்ற வாசகம், என் கையால், வெளிநாடுகளோடு நட்பு பேணவேண்டும் என்று அச்சாகிவிட்டது. படித்த ஒரு மூத்த தோழர், "அமெரிக்காவையும் சேர்த்தா?" என்று கேட்டார். தமிழிலும் 'அண்டை அயலார்' என்ற வழக்கில் பழைய பொருள் உயிரோடிருக்கிறது. ஆனால் தனியே நிற்கும்போது அந்தச் சொல் நம்மிடம் விலகிப் போய்விட்டது. 'அண்டை' என்பதில் 'அண்டு', அதாவது நெருங்கு, என்ற வினை இருக்கிறது. உழவர் வழக்கில் வரப்பின் பக்கத்தைச் செதுக்கிச் சீர்செய்வதற்கும் 'அண்டை வெட்டுதல்' என்றே பெயர். ஒரே சொல் களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் அடுத்த வீட்டுக்காரனாகவும் அந்தப் பக்கம் அன்னியனாகவும் ஆனது எனக்கு அன்று வெறும் மொழிபெயர்ப்புப் பிழையாகத்தான் தெரிந்தது. இன்று அப்படித் தெரியவில்லை.

நெய்யாறு அகத்தியர் மலையில் தோன்றி, 56 கிலோமீட்டர் ஓடி, பூவாறில் கடலில் சேர்கிறது. 1888-இல் நாராயண குரு சிவலிங்கம் நிறுவிய அருவிப்புறம் இதன் கரையில்தான் இருக்கிறது. ஊரூட்டம்பலம் பள்ளியில் பஞ்சமி என்ற தலித் சிறுமியைச் சேர்க்க அய்யங்காளி நடத்திய போராட்டம் இந்த வட்டாரத்தில் நடந்தது. 1938 ஆகஸ்ட் 31 அன்று, பொறுப்பாட்சி கேட்டுத் திரண்ட மக்கள்மீது திவான் சி.பி. ராமசாமி ஐயரின் ஆட்சி நெய்யாற்றின்கரையில் துப்பாக்கிச் சூடு நடத்தியது. வீரராகவன் முதலானோர் உயிர்விட்டனர். இவை நடந்தபோது நெய்யாற்றின்கரையும் விளவங்கோடும் ஒரே சமஸ்தானத்தின் பக்கத்துப் பக்கத்து வட்டங்கள். தோள்சீலைப் போராட்டத்தின் நினைவு இரண்டுக்கும் பொது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாகித் தமிழ்நாட்டில் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. மொழிவழி மாநிலம் என்ற கோரிக்கை நியாயமானது; நம் இயக்கம் அதற்காகப் போராடியது. ஆனால் ஆற்றுக்கும் சானலுக்கும் தாய்மொழி எது என்று அன்று யாரும் கேட்கவில்லை.

நெய்யாற்றுப் பாசனத் திட்டம் திருவிதாங்கூர்-கொச்சி காலத்தில் வகுக்கப்பட்டது. வலதுகரைச் சானல் ஒன்று, இடதுகரைச் சானல் ஒன்று. இடதுகரைச் சானல் பாறசாலைப் பகுதிக்குப் பாய்ந்து, அதன் கிளைகள் விளவங்கோடு வட்டத்துக்குள் நுழையும். அங்கே 9,200 ஏக்கருக்கு நீர் தரவேண்டும் என்பது திட்டம். அணை 1958-இல் பயன்பாட்டுக்கு வந்தபோது அந்த 9,200 ஏக்கரும் வேறு மாநிலமாகிவிட்டிருந்தது. அப்போதும் யாரும் சானலை எல்லையில் நிறுத்திவிடவில்லை. கொல்லங்கோடு கிளைச் சானல் வெட்டப்பட்டது, தண்ணீரும் போனது. கேரளத்தில் எத்தனையோ அமைச்சரவைகள் கவிழ்ந்து எழுந்த ஆண்டுகள் அவை. தமிழ்நாட்டில் காங்கிரஸ் போய்த் தி.மு.க. வந்து, அது பிளந்து அ.தி.மு.க. வந்தது. அத்தனைக்கும் நடுவில் கன்னிப்பூவுக்கும் கும்பப்பூவுக்கும் நெய்யாற்று நீர் எல்லை தாண்டிப் போய்க்கொண்டுதான் இருந்தது.

2004-இல் அது நின்றது. கேரளத்தின் வாதம் இது: நெய்யாற்றின் நீர்ப்பிடிப்பு முழுவதும் கேரளத்துக்குள் இருக்கிறது, ஆகவே இது மாநிலங்களுக்கு இடையிலான ஆறே அன்று, தண்ணீர் கொடுத்தது நல்லெண்ணத்தால், கடமையால் அன்று. தமிழ்நாட்டின் வாதம்: திட்டமே இரு பகுதிக்கும் சேர்த்து வகுக்கப்பட்டது, எல்லை பின்னால் வந்ததால் பாசன உரிமை அற்றுப்போகாது. கடிதங்கள் போயின, அதிகாரிகள் கூடினர், அமைச்சர்கள் சந்தித்தனர். 2012-இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. வழக்கு என்று வந்ததும் இரு தரப்பும் பேசுவதை நிறுத்திக்கொள்வது வழக்கம். பேசினால் வழக்குப் பலவீனப்படும் என்று வழக்கறிஞர்கள் சொல்வார்கள். நீர் நின்றபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த உழவர் வீட்டுப் பையன் இன்று வளைகுடாவில் கூலிக்கு நிற்கிறான். சானல் அப்படியே கிடக்கிறது.

கேரளத் தரப்பில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2017 கோடையில் திருவனந்தபுரம் நகரத்தின் குடிநீர் தட்டுப்பட்டபோது நெய்யாற்று அணையிலிருந்து நீரை இறைத்து அருவிக்கரைக்குக் கொண்டுபோகவேண்டி வந்தது. ஒரு தலைநகரத்தின் குடத்தை நிரப்பவேண்டிய கவலை பொய்யான கவலை அன்று. ஆனால் அந்தக் கவலையைக் கையாள வழிகள் உண்டு. எந்த மாதத்தில் எவ்வளவு, மழை பொய்த்தால் எவ்வளவு குறைப்பது, குறைப்பை இரு பக்கமும் எந்த விகிதத்தில் ஏற்பது என்று உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம். அப்படி எழுதாமல் முழுவதும் அடைத்துவிட்டு, ஆறு என்னுடையது என்பது பதிலாகாது.

இந்த வகுப்புக்கு முன் இரு பக்கத்துத் தோழர்கள் சிலருடன் சானல்கரையில் நடந்தேன். சில இடங்களில் கரை மட்டும் வண்டிப்பாதையாக உயிரோடிருக்கிறது. உள்ளே புதரும் பிளாஸ்டிக்கும். ஓரிடத்தில் சானலுக்குள்ளேயே ஏத்தன்வாழை வைத்து, குலையும் தள்ளியிருந்தது. அதை வைத்தவரிடம் நான் குறைசொல்லவில்லை; தண்ணீர் வராத சானலில் அதைவிட நல்ல காரியம் செய்ய முடியாது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு முதிய விவசாயி, முன்பு ஏலாவாக இருந்த நிலத்தைக் காட்டினார். பாதி ரப்பர், பாதி மரச்சீனி, ஓரத்தில் வீட்டுமனைக் கற்கள். தண்ணீர் மீண்டும் வந்தாலும் நெல் திரும்புமா என்று கேட்டேன். நெல் வராது, கிணறு வரும் என்றார். எனக்கு அது சட்டென்று விளங்கவில்லை. சானலில் நீர் ஓடிய காலத்தில் சுற்றியுள்ள வீட்டுக் கிணறுகள் கோடையிலும் வற்றாமல் இருந்தன என்பதைப் பிறகு விளக்கினார். கோடையில் தொலைவிலிருந்து குடம் சுமப்பவர்கள் பெண்கள் என்பதையும் அவர்தான் சொன்னார்.

இதில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. நீர் நின்றதும் எல்லோரும் ஒரே அளவில் இழக்கவில்லை. பத்து ஏக்கர் உள்ளவர் ஆழ்துளைக் கிணறு போட்டார், ரப்பருக்கு மாறினார், அல்லது விற்று மனைபோட்டார். இருபது சென்ட் குத்தகைக்காரனும் நடவுக்கூலிக்குப் போன பெண்ணும் வேலையை இழந்தார்கள். கேரளப் பக்கத்துக் கடைமடையிலும் இதே நிலைதான். தொடர்ந்து நீர் ஓடாத சானலைப் பராமரிக்கும் அக்கறை எந்தப் பொறியாளருக்கு வரும்? பாறசாலைப் பக்கத்துச் சிறு விவசாயிக்கும் பளுகல், கொல்லங்கோடு பக்கத்துச் சிறு விவசாயிக்கும் ஒரே அடைப்புத்தான் நேர்ந்திருக்கிறது. ஆனால் ஒருவனிடம் கேரளத்தின் தண்ணீரைத் தமிழன் கேட்கிறான் என்றும், மற்றவனிடம் தமிழனின் தண்ணீரை மலையாளி மறிக்கிறான் என்றும் சொல்லப்படுகிறது. இருவரும் நம்புகிறார்கள்.

தண்ணீர் நின்ற அதே எல்லையில் எது நிற்கவில்லை என்று பாருங்கள். விழிஞ்ஞம் நம் நெய்யாற்றின்கரை வட்டத்தில்தான் இருக்கிறது. 2015-இல் அதானி நிறுவனத்தோடு ஒப்பந்தமாகி, 2025 மே 2 அன்று பிரதமரால் திறந்துவைக்கப்பட்ட அந்தத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்குக் குமரி மாவட்டத்துக் குன்றுகளிலிருந்தும் கல் போனது. களியக்காவிளை வழியாகப் பாறைலாரிகள் போன வேகத்தை இங்குள்ளவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. குமரியில் குன்று குறைகிறதே என்று அங்குள்ள மக்கள் போராடினார்கள். எதிர்த்திசையில் கழிவு போகிறது. 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்தில் கொட்டப்பட்ட கேரள மருத்துவமனைக் கழிவுகளைப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு கேரளமே திரும்ப அள்ளிச்செல்ல நேர்ந்தது. ஒப்பந்தக்காரருக்கும் கழிவுத் தரகருக்கும் இந்த எல்லை ஒரு பொருட்டே இல்லை. ஏதோ ஒரு வகையில் அவர்கள் இரு மாநிலங்களின் ஒத்துழைப்பை நமக்கு முன்பே சாதித்துவிட்டார்கள்.

ஒத்துழைப்பு முடியாத காரியம் என்று யாராவது சொன்னால் பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தைச் சொல்லுங்கள். ஆனைமலையில் மேற்கு நோக்கி ஓடும் ஆறுகளைத் திருப்பி, பொள்ளாச்சி, உடுமலைச் சமவெளிகளுக்குக் கொண்டுபோகும் திட்டம் அது. பரம்பிக்குளம் அணை இருப்பது கேரள மண்ணில்; பராமரிப்பது தமிழ்நாடு. மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. கேரளத்தின் சித்தூர்ப் பகுதிக்குத் தரவேண்டும், கேரளச் சோலையாற்றுக்கு 12.3 டி.எம்.சி. தரவேண்டும், ஆண்டுக்கு 16.5 டி.எம்.சி. வரை தமிழ்நாடு திருப்பிக்கொள்ளலாம் என்று எண்ணிக்கையோடு எழுதப்பட்ட ஒப்பந்தம். கையெழுத்தானது 1970 மே 29. ஆனால் 1958 நவம்பர் 9 முதல் செல்லும் என்று முன்தேதியிட்டு எழுதியிருக்கிறார்கள். அந்த 1958-இல் திருவனந்தபுரத்தில் இ.எம்.எஸ். முதல்வர், சென்னையில் காமராசர் முதல்வர். காங்கிரஸ் கட்சி இ.எம்.எஸ். அரசைக் கவிழ்க்கத் தெருவில் இறங்குவதற்குச் சில மாதங்களுக்கு முந்தைய காலம். அந்தச் சூழலிலும் நீரைப் பற்றி இரு அரசுகளாலும் ஓர் உடன்பாட்டுக்கு வர முடிந்தது.

அந்த ஒப்பந்தமும் குறையில்லாதது அன்று. முப்பது ஆண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யவேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. 1988-இல் நடந்திருக்க வேண்டியது, இன்னும் முடியவில்லை. கோடை வந்தால் சித்தூர் விவசாயிகள் சாலையில் இறங்குகிறார்கள், பொள்ளாச்சி விவசாயிகளும் இறங்குகிறார்கள். ஆனால் அங்கே இரு மாநிலப் பொறியாளர்களும் சேர்ந்து உட்காரும் கூட்டு நீர் ஒழுங்குமுறை வாரியம் ஒன்று இருக்கிறது. சண்டை போட ஒரு மேசை இருக்கிறது என்பதே பெரிய வித்தியாசம். நெய்யாற்றுக்கு அந்த மேசை இல்லை.

இனி, நம்மைப் பற்றியும் பேசவேண்டும். நீர் நின்ற 2004-இல் கேரளத்தில் இருந்தது காங்கிரஸ் தலைமையிலான ஆட்சி. ஆனால் அதன்பின் 2006-லும் 2016-லும் 2021-லும் இடது ஜனநாயக முன்னணியைத்தான் மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். சானல் திறக்கவில்லை. சர்வதேசியம் பேசும் நாம் கியூபாவுக்கும் பாலஸ்தீனத்துக்கும் நிதி திரட்டியிருக்கிறோம், திரட்டியது சரிதான். நான்கு கல் தொலைவிலுள்ள கடைமடைக்காகக் கேரளத் தோழர்கள் எத்தனை கூட்டம் போட்டோம்? குமரித் தோழர்கள்தாம் நமக்கு எழுதிய கடிதங்கள் எத்தனை? 1954 ஆகஸ்ட் 11 அன்று தென் திருவிதாங்கூரில் தமிழ் மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தபோது ஆட்சியில் இருந்தது பட்டம் தாணுப் பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் அமைச்சரவை. அக்கட்சியின் பொதுச்செயலாளராக இருந்த லோகியா, தம் கட்சியின் அமைச்சரவையே பதவி விலகவேண்டும் என்றார். அவருடைய அரசியலோடு நமக்கு ஆயிரம் வேறுபாடுகள் உண்டு. அந்தக் கேள்வியைத் தம் சொந்த அரசிடம் கேட்டாரே, அதை மதிக்காமல் இருக்க முடியாது.

நாடுகளுக்கு வருகிறேன். 1996 டிசம்பர் 12 அன்று இந்தியாவும் வங்கதேசமும் கங்கை நீர்ப் பகிர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஃபராக்கா அணையால் இருபது ஆண்டுக்கு மேல் புகைந்த பிரச்சினை அது. பிரதமர்களாக இருந்தவர்கள் தேவகௌடாவும் ஷேக் ஹசீனாவும். ஆனால் டாக்காவுக்கே சென்று பேசி வழி திறந்தவர் மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு. தன் மாநிலத்துக்கு வரும் நீரில் பங்கு குறையக்கூடும் என்ற குற்றச்சாட்டை உள்ளூரில் சந்தித்துக்கொண்டே அதைச் செய்தார். 2011-இல் தீஸ்தா நதிக்கும் அப்படியோர் ஒப்பந்தம் தயாராகிக் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அப்போதைய மேற்கு வங்க அரசு மறுத்தது. இன்றுவரை அது கையெழுத்தாகவில்லை. மத்திய அரசுகள் ஒப்பந்தம் போடலாம்; எல்லையோர மாநிலம் மனம் வைத்தால்தான் அதற்கு உயிர் வரும். நெய்யாற்று மனிதர்களுக்கு இது நன்றாக விளங்கும். கங்கை ஒப்பந்தத்தின் முப்பது ஆண்டுக் காலம் 2026 டிசம்பரோடு முடிகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். அதைப் புதுப்பிப்பதில் வெறுப்பரசியல் புகுந்தால் இரு கரை உழவனுக்கும் கேடு.

அதே எல்லையில் இன்னொரு கதை உண்டு. வங்கதேசத்துக்குள் 111 இந்தியத் திட்டுகள், இந்தியாவுக்குள் 51 வங்கதேசத் திட்டுகள் இருந்தன. அங்கு வாழ்ந்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குப் பள்ளி இல்லை, மருத்துவமனை இல்லை, வாக்கு இல்லை. தங்கள் நாட்டுக்குப் போக வேறொரு நாட்டைக் கடக்கவேண்டும். இந்திராவும் முஜிபும் 1974-இல் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 41 ஆண்டுகள் கழித்து, 2015 ஜூலை 31 நள்ளிரவில்தான் நிறைவேறியது. பரிமாற்றத்தில் இந்தியா இழந்த நிலம் பெற்றதைவிட அதிகம். தேசம் சிறுத்துவிட்டது என்று யாரும் இறந்துபோகவில்லை. அந்த மக்களுக்கு முதன்முறையாக ஒரு முகவரி கிடைத்தது.

எதிர்த்திசையிலும் நடக்கிறது. 1960-இல் நேருவும் அயூப்கானும் கையெழுத்திட்ட சிந்து நீர் ஒப்பந்தம் 1965, 1971, கார்கில் என்று மூன்று போர்களைத் தாண்டி நின்றது. பீரங்கிகள் முழங்கிய நாட்களிலும் ஆணையர்களின் கோப்புகள் அழிக்கப்படவில்லை. 2025 ஏப்ரலில் பகல்காமில் 26 பேர் பயங்கரவாதிகளால் கொல்லப்பட்டபின் அதை நிறுத்திவைப்பதாக இந்திய அரசு அறிவித்தது. அந்தக் கொலைகளைச் செய்தவர்களும் ஏவியவர்களும் தண்டிக்கப்படவேண்டும். அதில் நமக்கு ஐயம் இல்லை. ஆனால் பஞ்சாபின் அந்தப் பக்கத்தில் கோதுமை விதைப்பவன் எந்தத் துப்பாக்கியையும் ஏவியவன் அன்று. தண்ணீரை ஆயுதமாக்கும் வழக்கத்தை நாம் ஏற்றுக்கொண்டால், நமக்கு மேலேயும் பிரம்மபுத்திராவின் தலைப்பில் ஒரு நாடு இருக்கிறது என்பதை மறந்தவர்களாவோம். 1985-இல் டாக்காவில் தொடங்கிய சார்க் அமைப்பின் உச்சி மாநாடு 2014-இல் காத்மாண்டில் கூடியதோடு நின்றுபோனது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

இலங்கையைச் சொல்லாமல் விட முடியாது. 2022-இல் அந்த நாடு திவாலாகி, பாலும் மருந்தும் இன்றித் தவித்தபோது இந்தியா ஏறத்தாழ 400 கோடி டாலர் அளவுக்கு உதவியது. தமிழ்நாடு அரசு அரிசியும் பால்மாவும் மருந்தும் அனுப்பியது. முதலில் எழுந்த பேச்சு, இலங்கைத் தமிழர்களுக்கு அனுப்புவது என்பது. அங்குள்ள தமிழ்த் தலைவர்களே, எங்களுக்கு மட்டும் என்று பிரிக்காதீர்கள், எல்லா மக்களுக்கும் அனுப்புங்கள் என்றார்கள். பசியில் இருந்தபோது அப்படிச் சொல்வதற்கு அரசியல் முதிர்ச்சி வேண்டும். பாக் நீரிணை மீனவர் பிரச்சினையில் அந்த முதிர்ச்சி நம் பக்கத்தில் குறைவு. கச்சத்தீவு என்ற ஒரு சொல்லில் எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறோம். நம் மீனவர்கள் சிறைப்படுவதும் சுடப்பட்டதும் கொடுமை, அதைக் கண்டிக்கிறோம். அதே கடலில் அடிமடி இழுவலையால் தன் வலை கிழிந்து நிற்பவன் போரிலிருந்து மீண்ட வட இலங்கைத் தமிழ் மீனவன் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இழுவலையை இலங்கை 2017-இல் சட்டத்தால் தடைசெய்தது. இரு கரை மீனவர்களும் 2010-லும் 2014-லும் நேரில் உட்கார்ந்து பேசினார்கள். அரசுகள் அந்தப் பேச்சைக் காப்பாற்றியிருந்தால், விசைப்படகுக் கூலிகளுக்கு மாற்றுத் தொழில் தந்திருந்தால், சிறையில் கிடப்போர் எண்ணிக்கை இவ்வளவு ஆகியிருக்காது.

ஒத்துழைப்பு என்ற பெயரில் வருவதெல்லாம் நல்லது என்றும் நான் சொல்லவில்லை. 1998-இல் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கை வணிக உடன்பாடு வழியாக மிளகு வரத்தொடங்கியபோது கேரள மிளகு விவசாயி பட்ட பாட்டை அறிவீர்கள். இலங்கைச் சிறு விவசாயி அதில் செல்வந்தனாகிவிடவும் இல்லை. நடுவில் நின்றவன் ஆனான். 2009-இல் ஆசியான் நாடுகளோடு தடையற்ற வணிக ஒப்பந்தம் வந்தபோது அக்டோபர் 2 அன்று காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை மனிதச் சங்கிலியில் கைகோத்தோம். இங்கிருப்பவர்களில் பலர் அதில் நின்றிருப்பீர்கள். அன்று நாம் எதிர்த்தது மலேசிய, வியட்நாம் தொழிலாளியை அன்று. இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். விழிஞ்ஞம் கொழும்புத் துறைமுகத்துக்குப் போட்டி என்று எழுதுகிறார்கள். விழிஞ்ஞத்தை நடத்தும் அதே அதானி குழுமம் கொழும்பின் மேற்கு முனையத்திலும் பெரும்பங்கு வைத்திருக்கிறது. இரு நாட்டு மக்களும் தத்தம் துறைமுகத்துக்காகத் தேசபக்தியோடு வாதிடலாம். சரக்கு எந்தப் பக்கம் போனாலும் கட்டணம் ஓரிடத்துக்குப் போகிறது. ஆகவே ஓர் ஒப்பந்தம் நல்லதா கெட்டதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் வழி, நெய்யாற்றுச் சானலில் நடந்தபோது கிடைத்ததுதான்: தலைமதகில் நின்று பார்க்காமல், கடைமடைக்குப் போய்ப் பார்ப்பது.

கடைசியாக, செய்யவேண்டியது. உச்ச நீதிமன்ற வழக்கு அதன்பாட்டில் நடக்கட்டும். அது முடியும்வரை காத்திருக்க நமக்குச் சட்டக் கட்டாயம் எதுவும் இல்லை. இரு பக்கத்து விவசாயச் சங்கத் தோழர்களும் சேர்ந்து, பரம்பிக்குளத்துக்கு இருப்பதுபோல நெய்யாற்றுக்கும் ஒரு கூட்டு வாரியம் வேண்டும் என்று இரு அரசுகளுக்கும் ஒரே மனுவை அனுப்பலாம். கேரளத் தமிழர்களுக்கு அரசோடு தமிழிலேயே எழுத 1969-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது, அதைப் பயன்படுத்துவோம். திருவனந்தபுரத்துக்குப் போகும் படியில் நகரத்தின் குடிநீர்த் தேவையையும், சென்னைக்குப் போகும் படியில் கேரளக் கடைமடையின் தேவையையும் சேர்த்தே எழுதவேண்டும். தன் பக்கத்து நியாயத்தை மட்டும் எழுதிய மனுக்கள் இரண்டு தலைமைச் செயலகங்களிலும் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன.

தமிழ், மலையாளம் இரண்டு வரைவையும் நான் எழுதித் தருகிறேன். 'அயல்' வரும் இடங்களில் இம்முறை கவனமாக இருப்பேன். எந்தெந்த மடை அடைந்திருக்கிறது, எங்கே கரை உடைந்திருக்கிறது, எத்தனை வீட்டுக் கிணறு கோடையில் வற்றுகிறது என்ற கணக்கு மட்டும் கிளைகளிலிருந்து வரவேண்டும். பாறசாலைப் பக்கத்தைக் குமரித் தோழர்களும், கொல்லங்கோட்டுப் பக்கத்தை இங்குள்ள தோழர்களும் எண்ணினால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். கன்னிப்பூ விதைப்புக்கு முன் தாளை என்னிடம் சேர்த்துவிடுங்கள்.